அயல்நாட்டுப் பயணமும் பண அட்டையும்

நுழையும் முன்

பொருள் ஈட்டுவது ஒரு திறன். ஈட்டிய பொருளைக் கொண்டுசெல்லும் வழி அறிவது மற்றொரு திறன். அயல்நாட்டுக்குச் செல்வோர் எந்த அட்டையை எடுத்துச் செல்லலாம், அதற்கு எவ்வளவு கட்டணம், அதனை எவ்வாறு காப்பது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று மாநிலம், ஒரே நாணயம்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் குப்பம். சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் இருப்புப்பாதையில் இவ்வூர் உள்ளது. இதன் ஒருபுறம் தமிழ்நாடு, மற்றொருபுறம் கர்நாடகம். மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் எல்லைப்பகுதி ஆதலால், இங்குள்ள கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். திராவிட மொழிகளை ஆராய்வதற்கென 1997ஆம் ஆண்டு திராவிடப் பல்கலைக்கழகம் இவ்வூரில் நிறுவப்பட்டது.

குப்பத்திலிருந்து புறப்படும் ஒருவர் சிறிது தொலைவு சென்றாலே மாநிலம் மாறிவிடும். பெயர்ப்பலகையின் எழுத்தும் மாறிவிடும். ஆனால் அவர் பையிலுள்ள பணம் மாறுவதில்லை. இந்திய ரூபாய்த் தாளின் பின்புறத்தில் 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சிடப்பட்டுள்ளது. அப்பட்டியலில் தமிழுக்கு அடுத்து நிற்பது தெலுங்கு. ஆகவே மாநில எல்லையைக் கடப்போருக்குப் பணம் பற்றிய கவலை எழுவதில்லை.

நாட்டின் எல்லையைக் கடக்கும்போது நிலைமை வேறு. சிங்கப்பூர் வெள்ளியிலும் இலங்கை ரூபாயிலும் தமிழ் எழுத்து உண்டு. மொரீசியசு நாட்டுப் பணத்தாளிலும் தமிழ் உண்டு. எழுத்து ஒன்றாயினும் நாணயம் வேறு. இந்திய ரூபாயை அந்நாட்டுக் கடைக்காரர் பொதுவாக ஏற்பதில்லை. நம் பணம் அந்நாட்டுப் பணமாக மாறியாக வேண்டும். அந்த மாற்றத்தை யார் செய்கிறார், எந்த விலையில் செய்கிறார் என்பதே அட்டையைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையான வினா.

உண்டியல் முதல் அட்டை வரை

கடல் கடந்து பொருள் கொண்டுசெல்லும் சிக்கல் தமிழர்க்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் வட்டிக்கடைகள் நடத்தினர். அவர்கள் பணத்தை மூட்டையாகக் கப்பலில் ஏற்றிச் செல்வதற்கு மாற்றாக உண்டியல் என்னும் சீட்டைப் பயன்படுத்தினர். ஓரூரில் பணத்தைச் செலுத்திச் சீட்டைப் பெறுபவர், மற்றோரூரில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம். பணம் பயணம் செய்யவில்லை. நம்பிக்கையே பயணம் செய்தது.

மேலைநாட்டிலும் இத்தகைய வழி தோன்றியது. 1891ஆம் ஆண்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணிகள் காசோலையை வெளியிட்டது. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. 1958இல் கலிபோர்னியாவில் ஒரு வங்கி வெளியிட்ட கடன் அட்டையே 1976இல் விசா என்னும் பெயர் பெற்றது. இந்தியாவில் கடன் அட்டையைத் தொடக்கக் காலத்திலேயே வழங்கிய வங்கிகளுள் ஆந்திரா வங்கியும் ஒன்று. அது 1981இல் அட்டை வழங்கியது. இந்தியாவின் சொந்த அட்டை வலையமைப்பாகிய ரூபே 2012இல் தொடங்கப்பட்டது.

இன்று நம் கையிலுள்ள அட்டையும் ஒருவகை உண்டியலே. கடைக்காரர் நம்மை அறியார். அட்டையிலுள்ள சில்லு நம் வங்கியை அவருக்கு அடையாளம் காட்டுகிறது. வங்கி ஒப்புதல் தந்ததும் வணிகம் முடிகிறது.

மூவகை அட்டைகள்

அயல்நாட்டில் பயன்படும் அட்டைகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது பற்று அட்டை. இது நம் சேமிப்புக் கணக்கோடு இணைந்தது. செலவு செய்தவுடன் கணக்கிலிருந்து தொகை கழியும். ஏற்கெனவே கையில் இருப்பது இதன் நன்மை. அட்டை திருடர் கையில் சிக்கினால் சேமிப்பு முழுவதும் இடர்ப்படக்கூடும் என்பது இதன் குறை.

இரண்டாவது கடன் அட்டை. இதில் வங்கி முதலில் செலவைச் செலுத்தும். நாம் பின்னர் வங்கிக்குச் செலுத்துவோம். குறித்த நாளுக்குள் முழுத்தொகையையும் செலுத்தினால் வட்டி இல்லை. ஒரு பகுதியை நிறுத்திவைத்தால் வட்டி ஏறும். விடுதிகள் அறை தரும்போது முன்வைப்பாக ஒரு தொகையைத் தற்காலிகமாக முடக்கிவைப்பதுண்டு. பற்று அட்டையாயின் நம் சொந்தப் பணம் முடங்கும். கடன் அட்டையாயின் கடன் வரம்பின் ஒரு பகுதி மட்டுமே முடங்கும். ஆனால் கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம். பொறியில் பணம் எடுப்பது நன்றன்று. எடுத்த நாள் முதலே அதற்கு வட்டி உண்டு. தனிக் கட்டணமும் உண்டு.

மூன்றாவது செலாவணி அட்டை. பயணத்திற்கு முன்னரே ரூபாயைச் செலுத்தி, டாலராகவோ சிங்கப்பூர் வெள்ளியாகவோ வேறு நாணயமாகவோ இதில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய நாளின் மாற்று விலையே நிலைத்திருக்கும். பின்னர் ரூபாயின் மதிப்பு குறைந்தாலும் ஏற்றிய தொகைக்கு இழப்பில்லை. ஏற்றிய அளவுக்கு மேல் செலவிட இயலாது. திருட்டு நேர்ந்தாலும் இழப்பு அந்த அளவோடு நிற்கும். ஆனால் டாலர் ஏற்றிய அட்டையைச் சிங்கப்பூரில் பயன்படுத்தினால் மீண்டும் ஒரு நாணய மாற்றம் நிகழும். அதற்கும் கட்டணம் உண்டு. ஆகவே செல்லும் நாட்டின் நாணயத்தையே ஏற்றுதல் வேண்டும்.

இவற்றோடு யு.பி.ஐ. முறையும் சில நாடுகளுக்கு எட்டியுள்ளது. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யு.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பேநௌ முறையும் இணைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீசியசிலும் யு.பி.ஐ. வழியாகச் செலுத்தும் வசதி தொடங்கப்பட்டது. ஆயினும் எல்லாக் கடைகளிலும் இவ்வசதி இருக்கும் என்று கருதுதல் கூடாது. இணைய இணைப்பு இன்றேல் இம்முறை பயன்படாது.

மறைந்து நிற்கும் கட்டணங்கள்

அயல்நாட்டில் அட்டையைப் பயன்படுத்தும்போது, பொருளின் விலையோடு மேற்கட்டணம் ஒன்று சேர்கிறது. நாணய மாற்றத்திற்காக வங்கி பெறும் கட்டணம் இது. பல இந்திய அட்டைகளில் இது செலவுத்தொகையில் 2 முதல் 3.5 விழுக்காடு வரை அமைகிறது. அக்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் உண்டு. ஏ.டி.எம். பொறியில் பணம் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் சேரும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. அயல்நாட்டுக் கடையில் அட்டையைச் செருகியவுடன், “ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா?” என்று திரையில் வினா தோன்றலாம். ரூபாய் என்றதும் நமக்குப் பழகிய சொல்லைக் கண்டதாக மனம் மகிழும். ஆனால் ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விலையைக் குறிப்பவர் நம் வங்கி அல்லர். அக்கடைக்குப் பணச்சேவை தரும் நிறுவனத்தார். அவர்கள் கூட்டிச் சொல்லும் விலை பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். 200 சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள ஓர் ஆடையைக் கருதுவோம். ஒரு வெள்ளி 65 ரூபாய் எனக் கொண்டால் அதன் விலை 13,000 ரூபாய். திரையில் 13,600 ரூபாய் என்று தோன்றினால் 600 ரூபாய் வீணாகும். ஆகவே, செல்லும் நாட்டின் நாணயத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் முடிவு

தொழில் நாடிக் குப்பத்தில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிங்கப்பூரில் வாழும் சித்திக்குக் குழந்தை பிறந்துள்ளது. உதவிக்குத் தாயும், எட்டாம் வகுப்பில் பயிலும் மகளும் புறப்பட வேண்டும். செலவுக்கென 1,000 சிங்கப்பூர் வெள்ளி தேவை. அத்தொகை இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச்சிறுகச் சேர்த்தது. தந்தை ஊரிலேயே தங்கிவிடுவதால், அங்கே பணம் தீர்ந்தால் உடனே உதவ எவரும் இல்லை. சித்தியின் கையை எதிர்பார்ப்பதற்கும் தாய்க்கு மனம் இல்லை.

வங்கியில் தந்த விவரத்தாள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தாய் தமிழ் மட்டுமே படிக்க அறிந்தவர். அன்று மாலை மகள் விவரத்தாளை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள்.

“பற்று அட்டையைப் பயன்படுத்தினால் மூன்றரை விழுக்காடு மேற்கட்டணம் என்று போட்டிருக்கிறது, அம்மா.”

“நூறு ரூபாய்க்குச் செலவழித்தால் மூன்றரை ரூபாய் வங்கிக்கா, கண்ணு?”

“ஆமாம் அம்மா. அந்த மூன்றரை ரூபாய்க்கும் வரி தனி.”

“அப்படியானால் இரண்டையும் கணக்குப் போட்டு எழுது. பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.”

மகள் எழுதிய கணக்கு பின்வருமாறு. பற்று அட்டை வழியில், ஒரு வெள்ளி 65 ரூபாய் எனில் 1,000 வெள்ளிக்கு 65,000 ரூபாய். அதில் 3.5 விழுக்காடு மேற்கட்டணம் 2,275 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு வரி 409.50 ரூபாய். ஆக மொத்தம் 67,684.50 ரூபாய்.

செலாவணி அட்டைக்கு வங்கி சொன்ன விலை, வெள்ளிக்கு 66 ரூபாய். ஆகவே 1,000 வெள்ளிக்கு 66,000 ரூபாய். அட்டைக் கட்டணம் 300 ரூபாய். அதன் வரி 54 ரூபாய். நாணயம் மாற்றுவதற்கான வரி 118.80 ரூபாய். ஆக மொத்தம் 66,472.80 ரூபாய்.

வெள்ளிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தோன்றினும், முடிவில் செலாவணி அட்டையே 1,211.70 ரூபாய் குறைவாக இருந்தது. விலையை மட்டும் பார்த்திருந்தால் பற்று அட்டையே மலிவு என்று தோன்றியிருக்கும். எல்லாக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பின்னரே உண்மை தெரிந்தது.

தாய் உடனே இசையவில்லை. “அட்டை தொலைந்துவிட்டால் என்ன செய்வது?” என்று வினவினார். அவ்வினா சரியானது. எனவே குடும்பத்தார் பணத்தை மூன்றாகப் பிரித்தனர். 800 வெள்ளி செலாவணி அட்டையில். 200 வெள்ளி தாளாகக் கையில். பற்று அட்டை, இடர் நேர்ந்தால் மட்டும் பயன்படுத்துவதற்காகப் பெட்டியில். “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்னும் பழமொழிக்கேற்ப, அன்றாடச் செலவைக் குறிக்க மகள் ஒரு சிறு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டாள்.

இங்குக் கூறிய விலையும் கட்டணமும் கணக்கை விளக்குவதற்காகக் கொண்டவை. மாற்று விலை நாள்தோறும் மாறும். கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும். மேற்கட்டணம் இல்லாத கடன் அட்டையை உடையவர்க்கு அதுவே மலிவாக அமையலாம். கணக்கிடும் முறை மட்டும் எல்லார்க்கும் ஒன்றே.

புறப்படும் முன்

இந்திய ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி, புதிதாக வழங்கப்படும் அட்டை முதலில் இந்தியாவிற்குள் மட்டுமே இயங்கும். அயல்நாட்டுப் பயன்பாட்டை அட்டைக்கு உரியவரே கைப்பேசிச் செயலி முதலிய வழிகளில் திறந்துகொள்ள வேண்டும். செலவின் உச்ச அளவையும் அவரே குறிக்கலாம். இதனை அறியாதவர் விமானநிலையத்தில் இறங்கிய பின்னர் அட்டை இயங்காமல் திகைப்பர். பயணம் முடிந்து திரும்பியதும் அவ்வசதியை மூடிவிடுதல் நன்று.

அட்டையின் வலையமைப்பும் கருதத்தக்கது. உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு மட்டும் வழங்கப்பட்ட ரூபே அட்டை அயல்நாட்டில் இயங்காது. அயல்நாட்டிற்கென வழங்கப்படும் ரூபே அட்டை, டிஸ்கவர் முதலிய வலையமைப்புகளின் வழியாக இயங்கும். தம் அட்டை எவ்வகையது என்பதை வங்கியில் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

கைப்பேசி எண்ணும் இன்றியமையாதது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண், இந்தியாவில் பதிவுசெய்த கைப்பேசிக்கே வரும். அயல்நாட்டிலும் அந்த எண் இயங்குமாறு முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டும்.

நாட்டின் விதிகளும் சில உண்டு. இந்தியாவில் வாழும் ஒருவர், தாராளப் பணவனுப்புத் திட்டத்தின்படி, ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அயல்நாட்டுச் செலவுக்காகப் பெறலாம். பெரும்பாலான நாடுகளுக்குச் செல்வோர், ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரையே அயல்நாட்டு நாணயத்தைத் தாளாகக் கொண்டுசெல்லலாம். மீதியை அட்டையில் கொள்ள வேண்டும். திரும்பிய பின் எஞ்சிய செலாவணியை 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரையிலான அயல்நாட்டுப் பணத்தாளை அடுத்த பயணத்திற்காக வைத்துக்கொள்ளலாம்.

அட்டை தொலைந்தால்

அட்டை தொலைந்ததை அறிந்தவுடன் செய்யவேண்டிய முதற்செயல், அதனை முடக்குவது. கைப்பேசிச் செயலியில் முடக்கலாம். வங்கியின் தொலைபேசி எண்ணை அழைத்தும் முடக்கலாம். அவ்வெண்ணை ஒரு தாளில் எழுதி, அட்டை இல்லாத வேறொரு பையில் வைத்தல் வேண்டும். அட்டையின் பின்புறத்தில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அட்டையே தொலைந்தபின் அது பயன்படாது.

2017 ஜூலை மாதத்தில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குக் காப்பளித்தது. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இன்றி மூன்றாமவரால் பணம் களவு போனால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் முறையிடுபவர் இழப்பை ஏற்கவேண்டியதில்லை என்று அது கூறியது. ஆனால் இரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் சொன்னவர், முறையிடும் வரை நேரும் இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். ஆதலால் இரகசிய எண்ணை அட்டையின் உறையில் எழுதி வைத்தலும், உதவ வந்தவரிடம் சொல்லுதலும் ஆகா.

தொகுத்துக் கூறின், அட்டையைத் தேர்பவர் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும். செல்லும் நாட்டில் இவ்வட்டை இயங்குமா? மேற்கட்டணமும் வரியும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் எவ்வளவு? தொலைந்தால் உடனே முடக்க வழி உண்டா? முதல் அட்டை இயங்காவிடில் மாற்றுவழி யாது? இவ்வைந்துக்கும் விடை தெரிந்தவர் எந்த நாட்டிலும் பணத்திற்காகத் தடுமாறார். விவரத்தாள் எம்மொழியில் இருப்பினும், அதனைப் படித்துத் தம் பெற்றோர்க்குத் தாய்மொழியில் விளக்கும் மாணவர், தம் குடும்பத்தின் உழைப்பைக் காப்பவர் ஆவார்.

சொல்லும் பொருளும்

செலாவணி – அயல்நாட்டு நாணயம்
உண்டியல் – பணம் பெறுவதற்குரிய வணிகச் சீட்டு
பற்று – கணக்கிலிருந்து கழிக்கப்படும் தொகை
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
இடர் – துன்பம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
முடக்குதல் – இயங்காமல் நிறுத்துதல்

பிரித்து எழுதுக

1. பணப்பை
2. இருப்புப்பாதை
3. மேற்கட்டணம்
4. தாய்மொழி

சுருக்கமாக விடை எழுதுக

1. குப்பம் எந்தெந்த மாநிலங்களின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது?
2. “பணம் பயணம் செய்யவில்லை, நம்பிக்கையே பயணம் செய்தது” – இத்தொடர் எதனைக் குறிக்கிறது?
3. கடன் அட்டையால் ஏ.டி.எம். பொறியில் பணம் எடுப்பது ஏன் நன்றன்று?
4. கடைத்திரையில் நாணயம் பற்றிய வினா தோன்றினால் எதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஏன்?

விரிவாக விடை எழுதுக

1. மூவகை அட்டைகளின் நன்மைகளையும் குறைகளையும் ஒப்பிட்டு எழுதுக.
2. எடுத்துக்காட்டில் கண்ட குடும்பத்தார் பணத்தை மூன்றாகப் பிரித்தது ஏன்? நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் எவ்வாறு பிரிப்பீர்கள்?

கணக்கிட்டு அறிக

ஒரு வெள்ளி 65 ரூபாய். ஒருவர் 400 வெள்ளிக்குப் பொருள் வாங்குகிறார். மேற்கட்டணம் 2 விழுக்காடு. கட்டணத்தின்மீது வரி 18 விழுக்காடு. அவர் செலுத்தும் மொத்தத் தொகை எவ்வளவு?

செயல்பாடு

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அயல்நாடு சென்று திரும்பிய பெரியவர் ஒருவரைக் கண்டு, அவர் அங்குப் பணத்தை எவ்வாறு கொண்டுசென்றார் என்று கேட்டுத் தமிழில் பத்து வரிகளில் எழுதுக. அவர் கூறிய பிறமொழிச் சொற்களைத் தனியே பட்டியலிட்டு, அவற்றுக்கு உரிய தமிழ்ச் சொற்களை ஆசிரியர் உதவியுடன் கண்டறிக.